ஏழு புகைபோக்கிகளும் கொத்தனார் செங்கமலமும்

பூதலூரில் ஒரு பழைய வீட்டின் ஓட்டுக்கூரைமேல், சாரத்தில் ஒரு காலும் ஏணியில் ஒரு காலுமாக நான் நின்றுகொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. எடுக்கக் கூடாத இடம். செங்கமலம் அம்மா பக்கத்தில் இருந்திருந்தால், "மேல நிக்கறப்ப போன எடுக்காதீங்க சார், உங்க எடைக்கு ஓடு தாங்காது" என்று ஒரு பிடி பிடித்திருப்பார். திரையில் தெரிந்தது அவருடைய எண். எடுத்தேன். பேசியது அவர் மகள் கவிதா. திருவாரூரில் செவிலியராக இருப்பவர். எதையும் சுற்றி வளைக்காமல் சொல்லிப் பழகியவர். "சார், அம்மா இறந்துட்டாங்க. காலையில டீ குடிச்சிட்டு நெஞ்சு வலிக்குதுன்னாங்க. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்கூட வரல" என்றார். நான் எப்படிக் கீழே இறங்கினேன் என்பது நினைவில்லை. மேலே வேலையாக இருந்த இரண்டு கொத்தனார்களும் நான் கேட்காமலே கையைக் கழுவிக்கொண்டு இறங்கி வந்தார்கள். அன்று வேலை நடக்கவில்லை.

அவரை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். எங்கள் பக்கத்துப் பழைய பெரிய வீடுகளில் அடுப்படிக்கு மேலே செங்கலால் கட்டிய புகைபோக்கி இருக்கும். மெல்லிய பழைய செங்கல், சுண்ணாம்புக் காரை. அடுப்பின் தலைக்கு மேல் தொடங்கி, ஓட்டைத் தாண்டி, ஓர் ஆள் உயரத்துக்கு வெளியே நிற்கும். ஊரில் அதைக் கூண்டு என்பார்கள். கேஸ் வந்த பிறகும் கூண்டுக்கு வேலை போய்விடவில்லை. நெல் அவிக்க, கல்யாணத்துக்குச் சமைக்க, தீபாவளிக்குப் பலகாரம் போட என்று விறகடுப்பு எரிந்துகொண்டுதான் இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் ஊருக்கு வந்தால் அவர்களுக்கு விறகடுப்புச் சோறுதான் வேண்டும். கூண்டில் விரிசல் விட்டால் நெருப்புப் பொறி நேரே கூரை மரத்துக்குப் போகும். அப்படிப்பட்ட கூண்டுகளைப் பிரித்து, அடைத்து, நிமிர்த்திக் கொடுத்தவர் செங்கமலம். குடவாசல் பக்கத்துக்காரர். நான் பழைய வீடுகளைச் சீரமைக்கும் டிப்ளமோ இன்ஜினியர், தஞ்சாவூரில் அலுவலகம். இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சேர்ந்து வேலை செய்தோம். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. கடைசிவரை அவர் என்னை 'சார்' என்றார், நான் அவரைச் 'செங்கமலம்மா' என்றேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அவர் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். கொத்தனார்கள், சித்தாள்கள், வீட்டுக்காரர்கள் என்று நல்ல கூட்டம். சாப்பாட்டுக்கு முன் நாலு பேர் பேசினார்கள். எங்கள் எல்லோருக்கும் தெரிந்த ஓர் ஒப்பந்தக்காரர் மைக்கைப் பிடித்து, அந்தக் காலத்தில் செங்கமலம் தெரியாத்தனமாகச் சிமெண்ட் பூசி ஏழு வீட்டுக் கூண்டைக் கெடுத்துவிட்டார் என்றும், ஆனாலும் பெருந்தன்மையாகத் தானே போய்ச் சரிசெய்து கொடுத்தார் என்றும் சொன்னார். புகழ்வதாக நினைத்துத்தான் சொன்னார். கூட்டமும் தலையை ஆட்டியது. அடுத்துப் பேசியவன் நான். அவர் நேரம் தவறாமல் வேலைக்கு வருவதைப் பற்றி ஐந்து நிமிடம் பேசிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

'தெரியாத்தனமாக' என்பது பொய். அது பொய் என்று தெரிந்த ஆள் அந்தப் பந்தலில் நான் ஒருவன்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்திருக்க வேண்டும், திறக்கவில்லை. இப்படியே விட்டால் இன்னும் பத்து வருஷத்தில் செங்கமலம் என்றதும் சிமெண்ட் பூசிக் கெடுத்த அம்மா என்றுதான் ஊர் சொல்லும். ஊரார் வாய் அப்படி. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அவரை நான் பார்த்தது சித்தாளாக. அய்யம்பேட்டைப் பக்கம் ஒரு வீட்டில் அடுப்பை மூட்டினால் புகை மேலே போகாமல் கூடத்துக்கு வந்துகொண்டிருந்தது. கொத்தனார் வெளியிலிருந்து கூண்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, எல்லாம் நன்றாக இருக்கிறது, வீட்டுக்காரர்கள் ஈர விறகை வைக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். கலவை சுமந்துகொண்டிருந்த செங்கமலம், "உள்ள யாரும் பாக்கலையே சார்" என்றார். பார்க்கிறாயா என்று விளையாட்டாகக் கேட்டேன். தலையில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு அடுப்பின்மேல் ஏறி, இடுப்பு வரை கூண்டுக்குள் போய்விட்டார். கரி அப்பிய முகத்தோடு வெளியே வந்து, மூன்றாவது வரிசையில் ஒரு கல் உள்பக்கமாகச் சரிந்து கிடக்கிறது, அதன்மேல் புறா கூடு கட்டியிருக்கிறது என்றார். ஒரு பூச்சுக்கரண்டி கேட்டார். கொடுத்தேன். இதில் என் பெருமை ஒன்றும் இல்லை. கொத்தனார் அப்போது இடத்தில் இல்லை, அவ்வளவுதான். அவர் டீ குடித்துவிட்டு வருவதற்குள் புகை ஒழுங்காக மேலே போய்க்கொண்டிருந்தது. செங்கமலம் என்னிடம், "வெளியில பாக்குறது வீட்டுக்காரங்களுக்கு. உள்ள பாக்குறதுதான் புகைக்கு" என்றார். இன்றைக்கும் எங்கள் ஆட்கள் இதைச் சொல்லித்தான் கூண்டுக்குள் தலையை விடுகிறார்கள்.

அன்றிலிருந்து கூண்டு வேலை என்றால் அவர்தான். ஆனால் கரண்டி பிடித்து மூன்று வருஷம் ஆன பிறகும் ஊர் அவரைச் சித்தாள் என்றே சொன்னது. ஆணாக இருந்தால் கரண்டி பிடித்த மறுவாரமே கொத்தனார் ஆகிவிடலாம். நானும் வீட்டுக்காரர்களிடம் அறிமுகம் செய்யும்போது, "நம்ம சித்தாள்தான், கூண்டு வேலை நல்லாப் பாப்பாங்க" என்றுதான் சொல்வேன். அவர் அதைக் கேட்டு ஒருநாளும் முகம் மாறியதில்லை. மாறாததால் அவருக்கு உறைக்கவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

வேலை முடிந்தது என்று ஒப்புக்கொள்வதற்கு அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். பழுது பார்த்த கூண்டின் கீழே அடுப்பை மூட்டி, உலை வைக்கச் சொல்வார். சோறு வேகும் வரை அடுப்படியிலேயே உட்கார்ந்து சுவரையும் கூரையையும் பார்த்துக்கொண்டிருப்பார். வெந்ததும் அங்கேயே, அடுப்புக்கு எதிரிலேயே இலை போட்டுச் சாப்பிடுவார். கண் எரியாமல் சாப்பிட்டு முடித்தால் வேலை முடிந்தது. எரிந்தால் மறுநாளும் வேலை உண்டு.

இதில் சோதனையைத் தவிர வேறொன்றும் இருந்தது என்பது டெல்டாவில் பிறந்தவர்களுக்குப் புரியும். அவர் அப்பாவும் அம்மாவும் நடவுக்கும் அறுப்புக்கும் போன குடும்பங்களின் வீடுகள் அவை. கொல்லைப்புறத்தைத் தாண்டி அவர்கள் உள்ளே வந்ததில்லை. ஓரிரு வீடுகளில், "கொல்லையில நல்லா காத்து வருது, அங்க உட்காந்து சாப்பிடலாமே" என்று பக்குவமாகச் சொல்லிப் பார்த்தார்கள். செங்கமலம் அதைவிடப் பக்குவமாக, "புகை இங்கதானேங்க வரும். நான் கொல்லையில உட்காந்தா எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். இலை அடுப்படியிலேயே விழுந்தது. ஒரு தொழில் காரணத்தைச் சொல்லியே எத்தனையோ அடுப்படிகளில் அவர் நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். ரசம் கொண்டா, அப்பளம் கொண்டா என்று வீட்டுக்காரர்களை அதிகாரமும் செய்வார். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும் எனக்கு அந்தச் சமயங்களில் பெருமை தாங்காது.

இனி அந்த ஏழு வீடுகள். ஒரு புரட்டாசி மாதம், குடவாசல் பக்கத்து விவசாயி ராமலிங்கம் என்னைக் கூப்பிட்டார். அவர் வீட்டுக் கூண்டு வழியாக மழைநீர் சுவரில் இறங்கிக்கொண்டிருந்தது. தை மாதம் மகள் கல்யாணம். போய்ப் பார்த்து வேலையை ஒப்புக்கொண்டேன். அவர் சொல்லி, சுற்று வட்டாரத்தில் உறவினர் வீடுகள் ஐந்தும், நாகூரில் அவருடைய நெல் வியாபாரச் சிநேகிதர் வீடு ஒன்றும் சேர்ந்துகொண்டன. ஒரே வீச்சில் ஏழு வேலை. எனக்குத் தலைகால் புரியவில்லை. மழைக்கு முன்னால் ஏழையும் முடித்துத் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டேன். சுண்ணாம்பு வேலை அவசரத்துக்கு ஆகாது. சுண்ணாம்பை நீற்றி ஊறவைக்க வேண்டும், பூசிய பிறகு மெல்லக் காயவிட வேண்டும். அதனால் மேலே சிமெண்ட் பூசிவிடலாம் என்று முடிவு செய்தேன். முடிவு செய்தவன் நான்.

செங்கமலம் வேண்டாம் என்றார். முதல் வீட்டில் சாரத்தின்மேல் நின்றுகொண்டு, "பழைய கல்லு மழையில தண்ணியக் குடிக்கும் சார், அடுப்பு எரியறப்ப வெளிய விடும். மேல சிமெண்ட பூசிட்டா எந்த வழியா விடும்?" என்று கேட்டார். எந்த இன்ஜினியரும் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அதற்கு நான் சொன்ன பதிலை எழுதக் கூச்சமாக இருக்கிறது. எழுதித்தான் ஆக வேண்டும். "படிச்சவன் நான் சொல்றேன். நீங்க பூசுங்க" என்றேன். அவர் சட்டியில் இருந்த கலவையைக் கரண்டியால் இரண்டு முறை புரட்டினார். பிறகு பூசத் தொடங்கினார். ஏழும் ஐப்பசி மழைக்கு முன் முடிந்தன. பூச்சு கண்ணாடியாக இருந்தது, அவர் கை அப்படி. ராமலிங்கம் வீட்டுக் கல்யாணச் சமையல் அந்த அடுப்பில்தான் நடந்தது. ஏழு கூண்டுகளையும் படம் எடுத்து என் அலுவலகச் சுவரில் மாட்டிவைத்தேன்.

இரண்டு மழைக்காலம் போயிற்று. அடுப்பு எரியும்போது பக்கத்து நெல் அறையில் புகை நாற்றம் வருகிறது என்று ராமலிங்கம் கூப்பிட்டார். இருவரும் போனோம். செங்கமலம் மேலே ஏறி, தேங்காயைத் தட்டிப் பார்ப்பதுபோலக் கரண்டிப் பிடியால் பூச்சைத் தட்டிக் காதை வைத்தார். உள்ளே பொள்ளலாக ஒலித்தது. ஓரத்தில் கரண்டியைக் கொடுத்து நெம்பியதும் பூச்சு ஒரே தட்டாகக் கழன்று வந்தது. அதன் பின்புறத்தில் செங்கலின் முகமும் ஒட்டிக்கொண்டு வந்தது. மிச்சக் கல்லை விரலால் தொட்டார், மாவாக உதிர்ந்தது. சிமெண்டின் மெல்லிய வெடிப்புகள் வழியாக உள்ளே போன மழைநீர் வெளியே வர வழியில்லாமல் அங்கேயே தங்கி, உப்புப் பூத்து, கல்லைத் தின்றிருந்தது. உள்பக்க விரிசல் ஒன்றின் அருகே கூரை மரத்தின் நுனி கருகத் தொடங்கியிருந்தது. ஏட்டுச்சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். என்னுடையது உதவாமல் போனதோடு நிற்கவில்லை, வீட்டையே கொளுத்தப் பார்த்தது. இன்னொரு கல்யாணச் சமையல் நடந்திருந்தால் கூரை பற்றியிருக்கும்.

ஓட்டின்மேல் உட்கார்ந்தபடியே நான் ஒரு யோசனை சொன்னேன். இந்த வீட்டுச் செங்கல் ரொம்பப் பழையது, அதனால் இப்படி ஆயிற்று என்று சொல்லிவிடலாம். மற்ற வீடுகளில் கூப்பிடும்போது பார்த்துக்கொள்ளலாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற யோசனை. செங்கமலம் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஏழு வீட்டுலயும் ஒரே கலவை சார். ஏழு வீட்டுலயும் அடுப்பு எரியுது" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கத் தொடங்கினார்.

குழாயில் கை கால் கழுவிக்கொண்டு நேரே அடுப்படிக்குப் போய் ராமலிங்கத்தின் முன் நின்றார். நானும் பின்னால் போனேன். "கூண்டு கெட்டுப்போச்சுங்க. சிமெண்ட் பூசினது தப்பு. நான்தான் பூசினேன். நானே பிரிச்சு சுண்ணாம்புல கட்டித் தரேன். அதுவரைக்கும் அடுப்ப மூட்டாதீங்க" என்றார். ராமலிங்கம் அவர் பக்கம் திரும்பவில்லை. என்னைப் பார்த்து, "கொத்தனார் பாக்குற வேலைக்கு சித்தாள வச்சா இப்படித்தான் ஆகும் சார். நான் அப்பவே நெனச்சேன்" என்றார்.

செங்கமலம் வேண்டாம் என்றுதான் சொன்னார், பூசச் சொன்னது நான் என்று அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்கு வேண்டிய நேரம் இருந்தது. தஞ்சாவூரிலிருந்து நாகூர் வரை எனக்கு இருந்த பெயரும், அடுத்து வரப்போகும் வேலைகளும் சேர்ந்து என் நாக்கைப் பிடித்துக்கொண்டன. நான் தலையைக் குனிந்துகொண்டேன். ராமலிங்கம் அதை ஆமோதிப்பாக எடுத்துக்கொண்டார். செங்கமலம் அங்கேயேதான் நின்றார். அவர் தலை குனியவில்லை.

குடவாசல் பேருந்து நிலையத்தில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, பூசச் சொன்னது நான் என்பதை ஏன் ராமலிங்கத்திடம் சொல்லவில்லை என்று செங்கமலத்திடம் கேட்டேன். கேட்கும்போதே, சொல்லாமல் விட்டாரே என்ற நிம்மதி எனக்குள் இருந்தது. அவர் டீயை ஆற்றிக் குடித்துவிட்டுச் சொன்னார்.

"நீங்க சொன்னீங்க, அதனால பூசினேன்னு சொன்னா நான் யாரு சார்? சொன்னதச் செய்யற சித்தாளு. நான் பூசினேன், தப்பாப் போச்சுன்னு சொன்னாத்தான் நான் கொத்தனார்."

காலி டம்ளரைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு, "வேணாம்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சாரத்த விட்டு இறங்கல. பூசினது இந்தக் கைதான்" என்றார்.

அவர் எனக்காகப் பழியை ஏற்கவில்லை. தன்னுடைய பங்கை மட்டும் எடுத்துக்கொண்டார். என் பங்கை நான் சொல்வதும் சொல்லாததும் என் பாடு என்று விட்டுவிட்டார். அதற்குப் பிறகு ஒருமுறைகூட அந்தப் பேச்சை எடுத்ததில்லை, குத்திக்காட்டியதும் இல்லை. நானோ அவர் சொன்னதை எனக்கு வசதியாக எடுத்துக்கொண்டேன். அந்த அம்மாவே தான்தான் என்கிறார், நமக்கென்ன என்று இருந்துவிட்டேன். இருபது வருஷம் ஆகப்போகிறது.

மற்ற ஆறு வீடுகளுக்கும் அவரே போனார். ஆறு பேரில் ஒருவரும் புகார் சொல்லியிருக்கவில்லை. எல்லா வீட்டிலும் ராமலிங்கத்திடம் சொன்ன அதே நாலு வார்த்தை. சில இடங்களில் ஏசினார்கள். ஒரு வீட்டில் கூண்டைத் தொடவே கூடாது என்று விரட்டிவிட்டார்கள். மறுவாரம் அந்த வீட்டுப் பெண்ணே போன் போட்டு வரச் சொன்னார். வீட்டுக்கு வீடு கொல்லையில் குழி வெட்டிச் சுண்ணாம்பு நீற்றி, செங்கல் தூள் சேர்த்து, பழைய கல்லில் நல்லதைப் பொறுக்கி எடுத்து அடுக்கினார். சாமான்களை நான் கொண்டுபோய் இறக்கினேன். அந்தக் கோடை முழுதும் அவர் வேறு வேலைக்குப் போகவில்லை.

கடைசி வீடு நாகூர். அந்த வீட்டு ஜுலைகா அம்மாள், "எங்க கூண்டுல ஒண்ணுமே தெரியலையே, நீங்களா ஏன் வந்து சொல்றீங்க?" என்று கேட்டார். செங்கமலம் சிரித்துக்கொண்டே, "தெரிஞ்ச பொறவு நீங்க கூப்பிட்டா திட்டு கெடைக்கும். அதுக்கு முன்ன நானா வந்தா டீ கெடைக்கும்" என்றார். டீ வந்தது. பூச்சைப் பிரித்துப் பார்த்தால் ஏழில் மோசமானது அதுதான். கடல்காற்றின் உப்பும் சேர்ந்து உள்ளே பாதிக் கல்லைக் காணவில்லை. ஜுலைகா அம்மாள் அதை நேரில் நின்று பார்த்தார். வேலை முடிவதற்குள் தெருவில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். அடுத்த மாதம் அதே தெருவில் நான்கு வீட்டுக் கூண்டுகளுக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். தன் தப்பைச் சொல்லி வேலை பிடித்த ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அவருக்குக் கோபமும் வரும். ஒரு பழைய வீட்டை விருந்தினர் தங்கும் விடுதியாக மாற்றியவர்கள், கூண்டை அழகாகச் செய்துதர வேண்டும் என்று கூப்பிட்டார்கள். உச்சியில் தாமரைப்பூ மாதிரி வேலைப்பாடு வேண்டும் என்று படம் காட்டினார்கள். செங்கமலம் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, அடுப்பு எங்கே என்று கேட்டார். அடுப்பு இல்லை, விருந்தினர் படம் எடுத்துக்கொள்ளத்தான் கூண்டு என்றார்கள். "அப்ப படம் வரையறவங்களக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டார். நான்தான் அவர்களிடம் அசடு வழிந்துவிட்டு வந்தேன். நல்ல வேலை போயிற்றே என்று வழியெல்லாம் புலம்பினேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பிறகு ஒரு கார்த்திகையில் புயல் வந்தது. அதை நான் சொல்லித்தான் டெல்டாக்காரர்களுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. தென்னைகள் எல்லாம் ஒரே பக்கமாகப் படுத்துக்கிடந்தன. நாலைந்து நாள் கழித்துப் போன் வேலை செய்யத் தொடங்கியதும் முதலில் வந்தது ராமலிங்கத்தின் அழைப்பு. கூண்டு விழுந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டே எடுத்தேன்.

"ஓடு போச்சு சார். தென்னை அவ்வளவும் போச்சு. கூண்டு மட்டும் நிக்குது. கொத்தனாரம்மா நம்பர் இருந்தா குடுங்க" என்றார்.

நான் சொல்லிவிடுகிறேனே என்றேன். வேண்டாம், தானே பேச வேண்டும் என்றார். கொடுத்தேன். இருவரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று செங்கமலம் கடைசிவரை சொல்லவில்லை. ஏழு வீடுகளிலும் கூண்டு நின்றது என்ற செய்தி ஒவ்வொன்றாக வந்தது. நான் சந்தோஷத்தில் அவர் வீட்டுக்கே இனிப்போடு போனேன். அவர் வீட்டுக் கூரையும் போயிருந்தது, தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தார். "கூண்டுன்னா நிக்கத்தானே சார் செய்யணும்" என்று சொல்லி, கயிற்றின் ஒரு முனையை என் கையில் கொடுத்தார். ஆனால் அவர் முகத்தில் இருந்த பெருமை எனக்குத் தெரியும். அந்த மாதத்திலிருந்து குடவாசல் பக்கம் அவருக்குக் கொத்தனாரம்மா என்பதே பெயராயிற்று. எனக்கே பதவி உயர்வு வந்ததுபோல இருந்தது.

பதினாறாம் நாள் முடிந்த மூன்றாம் நாள் கவிதாவைப் பார்க்கப் போனேன். நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். உண்மையை எழுதப்போகிறேன், அம்மா மேல் ஒரு தப்பும் இல்லை, நான் சொன்னதைத்தான் செய்தார் என்று எழுதுகிறேன் என்றேன். அப்படி எழுதிய தாள்களும் என் பையில் இருந்தன. அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"எனக்குத் தெரியும் சார். அம்மா வீட்டுல சொல்லியிருக்காங்க. நீங்க எழுதறது நல்லதுதான். ஆனா அம்மா மேல தப்பே இல்லைன்னு எழுதிடாதீங்க" என்றார். ஏன் என்று கேட்டேன். "எல்லாத்தையும் நீங்களே எடுத்துக்கிட்டா அவங்க மறுபடியும் சித்தாளாயிடுவாங்க சார்."

அந்தத் தாள்களை வீட்டுக்கு வந்ததும் கிழித்துப் போட்டேன். மறுநாள் குடவாசல் போய் ராமலிங்கத்திடம் சொன்னேன். அவருக்கும் வயதாகிவிட்டது, காது சற்று மந்தம். இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. என் பாவத்தை நான் உரக்கச் சொல்ல வேண்டும் என்று இருந்திருக்கிறது. கேட்டு முடித்து, "அந்தம்மா இருக்கறப்ப சொல்லியிருக்கலாமே சார்" என்றார். அவர் கேட்டது நியாயம்.

செங்கமலத்திடமிருந்து எனக்கென்று நான் எடுத்துவைத்துக்கொண்டிருப்பது ஒன்றுதான்: தப்பைச் சொல்லும்போது வாக்கியத்தை 'நான்' என்று தொடங்குவது. அவருக்கு அது மூச்சு விடுவதுபோல வந்தது. எனக்கு இந்த வயதில்தான் வாய் பழகுகிறது. போன வாரம் பூதலூர் வீட்டில் நான் கொடுத்த ஓர் அளவு தவறிப்போயிற்று. கொத்தனார் என் முகத்தைப் பார்த்தார். வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "நான் குடுத்த அளவு தப்புங்க" என்றேன். 'நான்' என்று தொடங்கவே இரண்டு முறை முயல வேண்டியிருந்தது. ஆனாலும் சொல்லிவிட்டேன்.

அவரோடு வேலை செய்த நண்பர்களே, அவர் கட்டிய கூண்டின் கீழே உலை வைக்கிற வீட்டுக்காரர்களே, அந்த ஏழு வீடுகளைப் பற்றி இனி யாராவது பேச்செடுத்தால் இப்படிச் சொல்லுங்கள். சிமெண்ட் பூசச் சொன்னது இன்ஜினியர். வேண்டாம் என்று தெரிந்தும் பூசியது செங்கமலம். ஒருவரும் கேட்காமலே வீடு வீடாகப் போய்ச் சொன்னதும், பிரித்ததும், புயலுக்கு அசையாமல் கட்டிவைத்ததும் அதே செங்கமலம். செங்கமலம் கொத்தனார்.